தியான சுலோகமும் தூண்டுதொடரும்: உருவம் தரும் சொற்களின் வரலாறு

செயற்கை நுண்ணறிவின் துணையால் படம் உருவாக்க விரும்புபவர், தமக்கு வேண்டிய படத்தைச் சொற்களால் எழுதிக் கணினியிடம் கொடுக்கிறார். அவ்வாறு எழுதப்படுவது ப்ராம்ப்ட் எனப்படுகிறது. இக்கட்டுரையில் அது தூண்டுதொடர் எனக் குறிக்கப்படுகிறது. ஒருமுறை நல்ல பலன் தந்த சொற்களைச் சிறு துணுக்குகளாகப் பிரித்துச் சேமித்து, தேவைப்படும்போது சேர்த்தும் மாற்றியும் பயன்படுத்தும் வழக்கம் 2021-க்குப் பிறகு உலகெங்கும் பரவியது.

சொல்லிலிருந்து உருவத்தைப் பெறும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. கோயில்களுக்குக் கற்சிலையும் செப்புத்திருமேனியும் செய்த சிற்பிகள் பல நூற்றாண்டுகளாக இறைவடிவங்களை வருணிக்கும் வடமொழிச் செய்யுள்களை மனப்பாடமாக வைத்திருந்தனர். தியான சுலோகங்கள் எனப்படும் அச்செய்யுள்களையும் அவற்றுக்கு அடிப்படையான ஆகமங்களையும் தாங்கிய சுவடிகளின் பெருந்தொகுப்பு ஒன்று புதுச்சேரியில் உள்ளது. ஜிப்மர் மருத்துவமனையால் அறியப்படும் கோரிமேட்டிலிருந்து சில கிலோமீட்டர் நகருக்குள் வந்தால், கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைக் காணலாம். அத்தொகுப்பின் பெரும்பகுதி அங்கு பாதுகாக்கப்படுகிறது.

இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சொற்றொடரைச் சேமிப்பது எளிய வேலை என்பதும், அதன் பொருளையும் பயன்படும் இடத்தையும் சேர்த்துச் சேமிப்பதே கடினம் என்பதும் விளங்கும்.

தியான சுலோகத்தின் அமைப்பு

தியான சுலோகம் இருவருக்குப் பயன்படுவது. பூசை செய்பவர் அதைச் சொல்லி இறைவடிவத்தை மனத்தில் நிறுத்துகிறார். சிற்பி அதே சுலோகத்தைக் கொண்டு அவ்வடிவத்தைக் கல்லிலோ உலோகத்திலோ கொண்டுவருகிறார். சுலோகம் தெய்வத்தின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. நிறம், முகங்களின் எண்ணிக்கை, கண்கள், கைகள், ஒவ்வொரு கையிலும் உள்ள பொருள், அமர்ந்த அல்லது நின்ற நிலை, இருக்கை, ஊர்தி, அணிகலன், உடனிருப்போர் எனக் கண்ணால் காணக்கூடியவற்றை வரிசையாகக் கூறுகிறது.

இக்கூறுகளுக்கு வரையறுத்த பெயர்கள் உண்டு. அஞ்சாதே எனக் காட்டும் கை அபயம். வரம் தரும் கை வரதம். பொருளைப் பிடிப்பது போலவோ மலர் ஏந்துவது போலவோ விரல் மடங்கிய கை கடகம். ஒரு விரலை நீட்டி எச்சரிக்கும் கை தர்ச்சனி. யானையின் துதிக்கைபோலக் குறுக்கே நீண்டு தொங்கும் கை கஜஹஸ்தம். நிற்கும் நிலைகளிலும் வளைவின்றி நிற்பது சமபங்கம், சற்றே வளைந்து நிற்பது ஆபங்கம், மூன்று இடங்களில் வளைந்து நிற்பது திரிபங்கம் என வகுத்துள்ளனர். மழு, மான், சூலம், பாசம், அங்குசம், உடுக்கை, சங்கு, சக்கரம் போன்றவை கையில் ஏந்தும் பொருள்கள்.

ஒவ்வொரு பெயரும் ஒரு முழு வருணனையின் சுருக்கம். ‘கஜஹஸ்தம்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் தோளிலிருந்து விரல் நுனி வரை கை எப்படி இருக்கவேண்டும் என்பது பயிற்சி பெற்ற சிற்பிக்குத் தெரிந்துவிடும். இன்றைய மொழியில் சொன்னால், இவை திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தக்க சொற்துணுக்குகள்.

துணுக்குகள் சேர்ந்து உருவம் ஆதல்

சைவ மரபின் சந்திரசேகரர் வடிவம் நல்ல எடுத்துக்காட்டு. பின்னிரு கைகளில் மழுவும் மானும், முன்னிரு கைகளில் அபயமும் வரதமும் கொண்டு, சடையில் பிறையணிந்து தனித்து நிற்பவர் கேவல சந்திரசேகரர். அவருக்கு அருகில் உமையை நிறுத்தினால் உமாசகித சந்திரசேகரர். இறைவனின் கை உமையை அணைத்தபடி இருந்தால் ஆலிங்கன சந்திரசேகரர். அடிப்படை வடிவம் மாறாமல் ஒரு துணுக்கு சேரும்போது பெயரும் பொருளும் புதிதாகின்றன.

சோமாஸ்கந்தர் என்ற பெயரே ஒரு கூட்டல். ‘ச’ என்றால் உடன். உமையுடனும் கந்தனுடனும் இருப்பவர் என்பது பெயரின் பொருள். இவ்வடிவத்திலிருந்து கந்தனை மட்டும் நீக்கினால் எஞ்சுவது உமாசகிதர் வடிவம். தட்சிணாமூர்த்தியின் கையில் வீணை இருந்தால் அவர் வீணாதர தட்சிணாமூர்த்தி. யோகப்பட்டத்துடன் அமர்ந்தால் யோக தட்சிணாமூர்த்தி.

விநாயகரின் 32 வடிவங்களிலும் இம்முறையைக் காணலாம். பால கணபதி கைகளில் வாழைப்பழம், மாம்பழம், பலா, கரும்பு ஆகியவற்றை ஏந்தியவர். உதிக்கும் சூரியனின் நிறம் கொண்டவர். பக்தி கணபதி தேங்காய், மாம்பழம், வாழைப்பழம், பாயசக் கிண்ணம் ஆகியவற்றை ஏந்தியவர். சரத்கால நிலவின் நிறம் கொண்டவர். இரண்டு பொருள்கள் இருவருக்கும் பொது. மற்ற இரண்டும் நிறமும் மாறியதும் குழந்தைமை பக்தியாகிவிடுகிறது. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயிலின் சுவர்களில் விநாயகரின் பல வடிவங்கள் வரிசையாக அமைக்கப்பட்டுள்ளன. அங்கு செல்லும் மாணவர்கள் கைகளில் உள்ள பொருள்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தாலே இந்தச் சேர்க்கை முறை எளிதில் புரியும்.

கணக்கும் தெரிவும்

திருமால் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகிய நான்கையும் ஏந்துகிறார். எந்தக் கையில் எது என்பதை மாற்றிக்கொண்டே போனால் எத்தனை வடிவங்கள் கிடைக்கும்? முதல் கைக்கு நான்கு வாய்ப்பு, இரண்டாவது கைக்கு மூன்று, மூன்றாவது கைக்கு இரண்டு, கடைசிக் கைக்கு ஒன்று. நான்கையும் பெருக்கினால் 24. வைணவ மரபு இந்த 24 வடிவங்களுக்கும் கேசவன், நாராயணன், மாதவன் எனத் தனித்தனிப் பெயர் சூட்டியுள்ளது. கணக்கில் வரும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் பெயர் கொடுத்த அரிய நிகழ்வு இது.

கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டளவில் எழுதிய லீலாவதி நூலில் இதையே ஒரு கணக்காக அமைத்தார். திருமாலின் நான்கு பொருள்களோடு, பத்துக் கைகள் கொண்ட சிவனின் பத்துப் பொருள்களையும் மாற்றி வைத்தால் எத்தனை வடிவங்கள் வரும் என்று அவர் கேட்கிறார். பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, கபாலம், சூலம், கட்டுவாங்கம், வேல், அம்பு, வில் என்பன அப்பத்துப் பொருள்கள். திருமாலுக்கு விடை 24. சிவனுக்கு விடை 36,28,800.

ஆனால் சைவ மரபில் சிறப்பாகப் போற்றப்படும் மகேசுவர வடிவங்கள் 25 மட்டுமே. நடராசர், பிட்சாடனர், கல்யாணசுந்தரர், திரிபுராந்தகர், காலசங்காரர், சோமாஸ்கந்தர் முதலியோர் அவ்வரிசையில் அடங்குவர். வேறு கணக்கின்படி 64 வடிவங்கள் என்றும் சொல்வதுண்டு. எப்படி எண்ணினாலும், 36 லட்சத்தை எட்டும் சேர்க்கைகள் இருக்க, கதையும் பொருளும் வழிபாடும் உடைய சிலவற்றையே மரபு தேர்ந்தெடுத்துக்கொண்டது. சேர்க்கை கணக்குக்கு உரியது. தெரிவு மனிதருக்கு உரியது. தூண்டுதொடர்த் துணுக்குகளைச் சேர்ப்பவர்கள் நினைவில் வைக்கவேண்டிய முதல் பாடம் இது.

பொருள் அறியாச் சொல்லின் விளைவு

லீலாவதியின் அதே கணக்கு இரண்டாவது பாடம் ஒன்றையும் தருகிறது. பத்துப் பொருள்களில் ஒன்றான கட்டுவாங்கம் என்பது உச்சியில் மண்டையோடு பொருத்திய தண்டம். அச்சொல்லைப் பிரித்தால் கிடைக்கும் நேர்ப்பொருளோ கட்டிலின் உறுப்பு என்பதாகும். ஹென்றி தாமஸ் கோல்புரூக் 1817-இல் லண்டனில் வெளியிட்ட லீலாவதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில், சிவன் கையில் ஏந்தும் பொருள்களின் பட்டியலில் கட்டில் இடம்பெற்றுவிட்டது. கோல்புரூக் வடமொழியில் ஆழ்ந்த புலமை கொண்டவர். சிற்பக்கூடத்தில் அச்சொல்லுக்கு வழங்கிய பொருள் சொல்லோடு சேர்ந்து அவரிடம் போய்ச்சேரவில்லை. கணக்கின் விடை மாறவில்லை, உருவம் மாறிவிட்டது.

மற்றொரு சிக்கல் படியெடுத்தலில் வருவது. ஓலைச்சுவடி காலப்போக்கில் சிதையும். பூச்சியும் ஈரமும் அதை அழிக்கும். ஆகவே தலைமுறைதோறும் புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். படியெடுப்பவர் ஓர் எழுத்தைப் பிழையாகப் படித்தால் ஆயுதம் மாறும். ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஒரு கை வெறுங்கையாகும். நூலுக்கு நூல் வேறுபாடும் உண்டு. திருமாலின் 24 வடிவங்களுக்கு அக்கினி புராணமும் பத்ம புராணமும் ரூபமண்டனமும் தரும் பட்டியல்கள் எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. எனவே ஒரு வருணனை எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பது வருணனையைப் போலவே முக்கியமானது.

அளவு என்னும் துணை

சுலோகம் மட்டும் இருந்தால் சிலை உருவாகாது. அதனுடன் தாலமானம் என்னும் அளவுமுறையும் வேண்டும். உருவத்தின் உயரத்தைத் தாலங்களாகவும் அங்குலங்களாகவும் பிரித்து, நெற்றி, மூக்கு, மார்பு, தொடை ஆகியவற்றுக்கு உரிய பங்கை வகுப்பது இம்முறை. இங்கு அங்குலம் என்பது உருவத்தின் உயரத்தைப் பொறுத்து மாறும் அளவு. அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் எனப்படும் 124 அங்குல அளவு விதிக்கப்பட்டுள்ளது.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் செப்புத்திருமேனி செய்யும் ஸ்தபதிகள் தென்னை ஓலையை நறுக்கி, சிலையின் உயரத்துக்கு ஏற்ப மடித்து, அம்மடிப்புகளையே அளவுகோலாகக் கொள்கின்றனர். சுலோகம் எதைச் செய்வது என்று சொல்கிறது. ஓலை எந்த விகிதத்தில் செய்வது என்று சொல்கிறது. மெழுகில் முகபாவத்தைக் கொண்டுவருவது கையின் பயிற்சி. இம்மூன்றும் சேர்ந்தே மரபு. ஒரே சுலோகத்தைக் கொண்டு இரு ஸ்தபதிகள் செய்த சிலைகள் ஒன்றுபோல இராமைக்கும் இதுவே காரணம்.

தொகுப்புகள்: மைசூர், சென்னை, புதுச்சேரி

சிற்பக்கூடங்களிலும் பூசகர் இல்லங்களிலும் சிதறிக்கிடந்த வருணனைகளை ஓரிடத்தில் சேர்க்கும் பெருமுயற்சிகள் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கின. மைசூர் அரசர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதி அவற்றுள் தலையாயது. தெய்வங்களின் தியான சுலோகங்களும் அவற்றுக்குரிய வண்ண ஓவியங்களும் ஒன்றாக இடம்பெற்ற நூல் அது. மேலே குறித்த 32 கணபதி வடிவங்கள் பரவலாக அறியப்பட அதுவும் ஒரு காரணம். வருணனையும் படமும் இணையாக இருந்ததால், சொல்லில் ஐயம் எழுந்தால் படத்தையும் படத்தில் ஐயம் எழுந்தால் சொல்லையும் பார்த்துத் தெளிய முடிந்தது.

திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறைக் கண்காணிப்பாளராக இருந்த து. அ. கோபிநாத ராவ், இந்துச் சிற்பவடிவங்கள் பற்றிய தம் பெருநூலை 1914-லும் 1916-லும் சென்னையில் வெளியிட்டார். அம்சுமத்பேதம், காமிகம், காரணம், சுப்பிரபேதம் முதலிய ஆகமங்களிலிருந்து வருணனைகளைத் திரட்டி, கோயில்களில் உள்ள சிலைகளின் நிழற்படங்களோடு ஒப்பிட்டார். மூல வடமொழிப் பகுதிகளையும் நூலின் பிற்சேர்க்கையாகத் தந்தார். தென்னிந்தியத் தெய்வ வடிவங்கள் பற்றிய எச். கிருஷ்ண சாஸ்திரியின் நூலும் 1916-இல் வந்தது.

அதே காலத்தில் புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கப்ரியேல் ழுவோ துப்ராய், தென்னிந்தியத் தொல்லியல் பற்றி 1914-இல் பிரெஞ்சில் இரு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று கட்டடக்கலைக்கும் மற்றொன்று சிற்பவடிவங்களுக்கும் உரியது. நூல்களை மட்டும் நம்பாமல், கோயில்களை நேரில் ஆராய்ந்தும் கைவினைஞர்களிடம் வழங்கிய கலைச்சொற்களைக் கேட்டறிந்தும் எழுதியது அவருடைய சிறப்பு.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா சைவ ஆகமங்களைத் திரட்டிப் பதிப்பிக்கும் பணியைத் தொடங்கிவைத்தார். தமிழகக் கோயில்களிலிருந்தும் சிவாசாரியார் இல்லங்களிலிருந்தும் சுவடிகள் சேர்க்கப்பட்டன. பல சுவடிகள் காகிதத்தில் படியெடுக்கப்பட்டன. என். ஆர். பட் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த ரௌரவாகமத்தின் முதல் தொகுதி 1961-இல் வெளிவந்தது. சிற்பமும் கட்டடக்கலையும் கூறும் மயமதம் புரூனோ தாழான் பதிப்பாக 1970-களில் நிறைவுற்றது. கோயில்களையும் சிலைகளையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்களும் நிறுவனத்தில் சேர்ந்தன.

இந்நிறுவனத்திலும், தூரக் கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலும் உள்ள சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. இத்தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு சுவடிக்கும் எண்ணிட்டு, எங்கிருந்து வந்தது, எந்த எழுத்தில் உள்ளது, எந்தச் சொல் எந்தச் சுவடியில் வேறுபடுகிறது என்பதைக் குறித்துவைத்தனர். சொல்லோடு அதன் வரலாற்றையும் சேமிப்பது என்பது இதுவே.

இயந்திரத்துக்கு எழுதிய சொற்கள்

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2021 ஜனவரியில் டால்-ஈ என்ற படம் உருவாக்கும் முறையையும், படத்தையும் சொல்லையும் பொருத்திப் பார்க்கும் கிளிப் என்ற முறையையும் அறிவித்தது. 2022 ஏப்ரலில் டால்-ஈ 2 வந்தது. அவ்வாண்டு ஜூலையில் மிட்ஜர்னி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியாயிற்று. சொந்தக் கணினியிலேயே இயக்கத்தக்கதாக அது இருந்ததால், அதைச் சுற்றி ஆர்வலர்களின் பெருங்கூட்டம் உருவானது.

இவ்வியந்திரங்கள் கற்றதும் சொல்லும் படமும் இணைந்த தொகுப்புகளிலிருந்தே. 2022-இல் வெளியான லயான்-5பி என்ற தொகுப்பில் இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி இணைகளுக்கான விவரங்கள் இருந்தன. அளவில் ஸ்ரீதத்துவநிதிக்கும் இதற்கும் மலையளவு வேறுபாடு. தன்மையிலும் வேறுபாடு உண்டு. அங்கே ஒவ்வொரு இணையையும் அறிந்தவர் ஒருவர் பார்த்து அமைத்தார். இங்கே இணையப் பக்கங்களில் படங்களுடன் இருந்த சிறுகுறிப்புகள் தானியங்கியாகச் சேர்க்கப்பட்டன.

பயனர்கள் விரைவில் ஒன்றைக் கண்டுகொண்டனர். பொருளை மட்டும் சொல்வதைவிட, ஒளி, கோணம், வரையும் ஊடகம், பாணி ஆகியவற்றையும் சொன்னால் படம் சிறக்கிறது. இவற்றுள் பொருள் மாறினாலும் மற்றவை மாறவேண்டியதில்லை. எனவே அவற்றைத் துணுக்குகளாகச் சேமிக்கத் தொடங்கினர். ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கப் பலர் பயன்படுத்திய ஆட்டோமேட்டிக்1111 என்ற இடைமுகத்தில் இதற்கென வசதி இருந்தது. ஒரு துணுக்குக்குப் பெயரிட்டுப் பட்டியல் கோப்பில் சேமிக்கலாம். பிறகு பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும், துணுக்கு முழுவதும் தூண்டுதொடரில் சேர்ந்துவிடும். ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் இட்டு 1.3 என எழுதினால் அதற்கு அழுத்தம் கூடும். வேண்டாதவற்றைச் சொல்ல எதிர்மறைத் தூண்டுதொடர் என்று தனிப்பெட்டி இருந்தது. வைல்டுகார்டு என்ற முறையில் நிறங்களின் பட்டியல், உடைகளின் பட்டியல் எனக் கோப்புகள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கணினியே எடுத்துச் சேர்க்கும்படி செய்யலாம். எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக உருவாக்கவும் வழியிருந்தது. பாஸ்கரரின் கணக்கைக் கணினி படமாகப் போட்டுக் காட்டியது எனலாம்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்பு ஒரே வீச்சில் 75 சொற்கூறுகள் வரையே படிக்கும். தியான சுலோகங்கள் பலவற்றில் பயிலும் சார்த்தூலவிக்கிரீடித யாப்பில் நான்கு அடிகளுக்கு 76 அசையெழுத்துகள் உண்டு. இது தற்செயல் ஒற்றுமையே. ஆனாலும், அளவுக்கு உட்பட்டுச் சொல்லும்போது தேவையற்ற சொல் தானே உதிர்ந்துவிடும் என்பது இரண்டிலும் உண்மை.

ஒற்றுமையின் எல்லை

இவ்வியந்திரங்களுக்கு நெடுநாள் கடினமாக இருந்த ஒன்று, எந்தப் பண்பு எந்தப் பொருளுக்கு உரியது என்று பிரித்தறிதல். சிவப்புக் கனசதுரமும் நீல உருண்டையும் கேட்டால் நிறங்கள் இடம் மாறி வருவதுண்டு. நடராசர் வடிவத்தை எண்ணிப் பார்த்தால் சிக்கலின் அளவு தெரியும். பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ, முன் வலக்கை அபயம், முன் இடக்கை கஜஹஸ்தமாக நீண்டு தூக்கிய இடப்பாதத்தைக் காட்டுவது, ஊன்றிய வலக்காலின் கீழ் முயலகன். இதில் உடுக்கையும் தீயும் இடம் மாறினால் அது வேறொரு பிழையான உருவம். சிற்பிக்கு ஒவ்வொரு பொருளின் இடமும் பொருளுடையது. இயந்திரத்துக்கு அது சொற்களின் அண்மையால் எழும் நிகழ்தகவு.

இரண்டாவது வேறுபாடு, பிறர் உழைப்பின் பெயர். போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை 2022-இல் உலகெங்கும் பல்லாயிரம் முறை தூண்டுதொடர்களில் சேர்த்தனர். அவர் பெயரே ஒரு துணுக்காகிவிட்டது. தம் இசைவின்றி இது நடப்பதையும், தம் பெயரில் தாம் வரையாத படங்கள் இணையத்தை நிரப்புவதையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். தியான சுலோகம் மரபின் பொதுச்சொத்து. வாழும் ஓவியர் ஒருவரின் நடை அப்படிப்பட்டதன்று. துணுக்கு எங்கிருந்து வந்தது என்று குறித்துவைக்காத இடத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

மூன்றாவது, நிலைப்பு. 2022 நவம்பரில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2.0 பதிப்பில் சொற்களைப் படிக்கும் பகுதி மாற்றப்பட்டது. ஓவியர் பெயர்களைச் சேர்த்த பழைய துணுக்குகள் முன்போலப் பலன் தரவில்லை. 2023-இல் சாட்ஜிபிடியுடன் இணைந்த டால்-ஈ 3, பயனர் எழுதியதைத் தானே விரித்தெழுதிய பிறகே படம் வரைந்தது. விலைகொடுத்து வாங்கியவை உட்படப் பலரது சேமிப்புகள் ஓரிரு ஆண்டுகளில் பழையதாயின. படிக்கும் இயந்திரம் மாறினால் அதற்கென எழுதிய சொல்லும் வலுவிழக்கும். தியான சுலோகம் நூற்றாண்டுகள் நிலைத்தது, அதைப் படிக்கும் சிற்பியைக் குருவிடமிருந்து மாணவனுக்கு மரபு உருவாக்கிக்கொண்டே இருந்ததால்தான்.

மாணவர்க்குப் பயன்படும் முறை

மேற்சொன்ன வரலாற்றிலிருந்து துணுக்குகளைச் சேமிப்பதற்கான எளிய முறை ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துணுக்கையும் ஒரே பண்புக்கு உரியதாக வைக்கவேண்டும். ஒளிக்கு ஒன்று, கோணத்துக்கு ஒன்று, ஊடகத்துக்கு ஒன்று எனப் பிரித்தால்தான் அபயமும் மழுவும்போல எங்கும் பொருந்தும். அதற்கு விளங்கும் பெயர் இடவேண்டும். அதனுடன் பயன்படுத்திய இயந்திரத்தின் பெயர், பதிப்பு, நாள், அதனால் கிடைத்த ஒரு மாதிரிப் படம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கவேண்டும். விதை எண் கிடைத்தால் அதையும் குறிக்கவேண்டும். ஒரே சொற்களுக்கு வெவ்வேறு படங்கள் வருவது அவ்வெண்ணின் மாற்றத்தால். துணுக்கைப் பிறரிடமிருந்து எடுத்திருந்தால் அவரையும் குறிப்பிடவேண்டும்.

சேர்க்கையில் கட்டுப்பாடும் வேண்டும். மூன்று காட்சிகள், மூன்று ஒளிகள், மூன்று ஊடகங்கள் இருந்தால் 27 படங்கள் கிடைக்கும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் எந்தச் சொல் என்ன செய்தது என்பது தெரியும். 27-இல் வைத்துக்கொள்ளத்தக்கவை இரண்டோ மூன்றோ இருக்கலாம். அவற்றுக்குப் பெயரிட்டு மற்றவற்றை விட்டுவிடலாம்.

கோரிமேட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் தம் ஊரை வரையச் சொல்லி ‘கோரிமேடு’ என்று மட்டும் எழுதினால், இயந்திரத்துக்கு அப்பெயர் பெரும்பாலும் ஒன்றையும் சொல்லாது. திண்டிவனம் செல்லும் அகன்ற சாலை, மருத்துவமனையின் நீண்ட மதில், வாயிலருகே காத்திருக்கும் ஆட்டோக்கள், சாலையோரப் பழக்கடை, காலை வெயில் எனக் கண்ணால் காண்பவற்றை வரிசையாக எழுதினால் படம் ஊரை நெருங்கிவரும். தியான சுலோகங்களை இயற்றியவர்கள் செய்ததும் அதுவே. பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் கருதவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிச் சென்றனர். அப்பட்டியலை எழுதுவதற்கு அம்மாணவர் முதலில் தம் ஊரை நின்று பார்த்திருக்க வேண்டும்.